மருதாணி நகத்தில் பவழமல்லி

அக்கா மகளின் நிச்சயதார்த்தத்துக்கு அவளுடைய பத்து நகத்திலும் பூ வரைந்து தருவதாக நான் ஒப்புக்கொண்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் சாப்பிட்ட மயக்கத்தில். "மார்கழி முழுக்க வாசலை அடைத்துக் கோலம் போடுகிறீர்கள் சித்தி, நகம் என்ன பெரிய காரியம்?" என்றாள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அதற்கு முன்பு நான் நகத்தில் வரைந்திருந்தது, பள்ளி நாளில் கணக்கு வகுப்பில் பேனாவால் போட்ட ஒரு நட்சத்திரம் மட்டும்தான். மூன்று வாரம் இருந்தது. போதும் என்று நினைத்தேன்.

அவளுக்கு முதலில் இருந்த ஆசை அழகு நிலையத்தில் ஜெல் பூச்சுப் போட்டுக்கொள்வது. தடையாக இருந்தது அவளுடைய வேலை. அவள் செவிலியர், பணியில் நகப்பூச்சு கூடாது. நிச்சயதார்த்தம் ஞாயிறு, அவளுக்குச் செவ்வாய் காலைப் பணி. ஜெல் காற்றில் உலர்வதில்லை. புற ஊதா விளக்கின் கீழ் விரலை நீட்டினால் இறுகிப் பிளாஸ்டிக் போல் ஆகிவிடும், இரண்டு மூன்று வாரம் அசையாது. அதைக் கழற்ற அசிட்டோனில் நனைத்த பஞ்சை ஒவ்வொரு நகத்திலும் வைத்து, அலுமினியத் தாளைச் சுற்றிக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்து, பிறகு சுரண்ட வேண்டும். இரண்டு நாள் பூவுக்கு அது அதிகம். விளக்கை வாங்கி வீட்டிலேயே செய்யலாமே என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். சரியாக இறுகாத ஜெல் தோலில் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை வரும். ஒருமுறை வந்துவிட்டால் அது போவதில்லை. அந்த யோசனையை அங்கேயே விட்டுவிட்டேன். சாதாரண நெயில் பாலிஷ், சாதாரண ரிமூவர், என் கை. இவ்வளவுதான் முதலீடு.

முதலில் வரைந்தது ரோஜா. எல்லாரும் அதில்தான் தொடங்குகிறார்கள் போலிருக்கிறது. வெளிர் இளஞ்சிவப்பை அடியில் பூசி, அதன் மேல் அடர்சிவப்பைப் பல்குத்தும் குச்சியால் தொட்டு வைத்துச் சுழித்தால் ரோஜா வந்துவிடும் என்பது கணக்கு. குச்சியைத் தூக்கியபோது கூடவே நூல் நூலாகப் பாலிஷும் எழுந்தது, பாகுப் பதம் தப்பிய அதிரசப் பாகு போல. இரண்டாவது இதழை வைப்பதற்குள் முதல் இதழ் தோல் கட்டிவிட்டது. அழுத்தினேன், அடியிலிருந்த இளஞ்சிவப்பும் கரைந்து மேலே வந்தது. பத்து நிமிடத்தில் என் இடது கைக் கட்டைவிரலில் இருந்தது ரோஜா இல்லை, அடிபட்ட நகம்.

கோலம் போடும் கைக்கு இது ஏன் வரவில்லை என்று அன்று இரவு யோசித்தேன். கோலமாவு விழுந்த இடத்தில் கிடக்கும். தப்பினால் காலால் தேய்த்துவிட்டு மேலே போடலாம். தரை தட்டை, மாவுக்கு அவசரம் கிடையாது. நெயில் பாலிஷ் என்பது பஞ்சைப் போன்ற செல்லுலோஸை நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்திச் செய்யும் நைட்ரோசெல்லுலோஸ் என்ற பொருளை, எத்தில் அசிடேட், பியூட்டைல் அசிடேட் போன்ற சீக்கிரம் ஆவியாகும் கரைப்பான்களில் கரைத்து வைத்தது. கரைப்பான் பறந்ததும் மிஞ்சுவது ஒரு மெல்லிய ஏடு. உலர்ந்த ஏட்டின் மேல் ஈரப் பாலிஷை வைத்தால், அந்தக் கரைப்பான் பழைய ஏட்டையும் கரைக்கத் தொடங்கிவிடும். ஆக, நான் ரோஜா வரைந்த தரையே என் கையோடு நகர்ந்துகொண்டிருந்திருக்கிறது. தப்பை ரிமூவரால் துடைத்தால் பூவோடு தரையும் போய்விடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த வாரம் அப்படி முதலிலிருந்து தொடங்கியதை எண்ணவில்லை. ரிமூவர் பாட்டில் மட்டும் பாதியாகிவிட்டது.

இரண்டாவது வாரத்தில் இன்னும் இரண்டு தப்புகள்.

ஒன்று, கட்டியாகிப்போன பழைய வெள்ளைப் பாலிஷில் இரண்டு சொட்டு ரிமூவரை ஊற்றியது. ஊற்றியதும் பால் போல இளகிவிட்டது, மகிழ்ந்துபோனேன். மறுநாள் திறந்தால் திரிதிரியாகத் திரிந்து கிடந்தது. ரிமூவரின் வேலை ஏட்டைக் கலைப்பது. அதில் தண்ணீர், எண்ணெய் போன்றவையும் கலந்திருக்கும். இளக்குவதற்கென்றே அந்த அசிடேட் கரைப்பான்களைச் சேர்த்து விற்கும் தின்னர் தனி. புதுப் பாட்டில் வாங்குவது அதைவிட எளிது.

இன்னொன்று தப்பா விதியா என்று சொல்லத் தெரியவில்லை. ஐப்பசி மாதம், தஞ்சாவூரில் விடாத மழை. ஜன்னல் பக்கம் வெளிச்சத்துக்காக உட்கார்ந்து, தெளிந்த மேல்பூச்சைப் பூசினேன். கண்ணெதிரே அது வெளுத்தது. கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல ஒரு புகைச்சல், துடைத்தாலும் போகவில்லை. பாட்டில் போலி என்று நினைத்துக் கடைக்காரரோடு சண்டைக்குத் தயாராகி வாசலுக்கு வந்தேன். தெருமுனையில் மரச்சாமான் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் நகத்தைப் பார்த்துச் சிரித்தார். "மழை நாளில் நாங்கள் கதவுக்கே லாக்கர் அடிக்க மாட்டோம், நீங்கள் நகத்துக்கு அடிக்கிறீர்கள்" என்றார். லாக்கர் என்பது மரத்துக்கு அடிக்கும் பளபளப்புப் பூச்சு. அவர் அடிப்பதும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர்தான். கரைப்பான் வேகமாகப் பறக்கும்போது பூச்சின் மேற்பரப்பு குளிர்ந்துவிடும். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் அது அங்கே பனியாகப் படிந்து ஏட்டுக்குள் சிக்கி வெளுத்துக் காட்டும். 1920களில் மோட்டார் கார்களுக்கு அடித்த பெயிண்டும் இதே குடும்பம்தான். கார், கதவு, நகம் எல்லாவற்றுக்கும் ஒரே மழை. கடைக்காரர் தப்பித்தார். நான் ஜன்னலிலிருந்து உள்ளறைக்கு மாறி, மழை விட்ட பிற்பகல்களில் மட்டும் வேலை செய்யத் தொடங்கினேன். கதவை மட்டும் திறந்தே வைத்திருந்தேன். கரைப்பான் வாடையை அடைத்த அறையில் சுவாசிக்கக் கூடாது, அடுப்பும் விளக்கும் அருகில் இருக்கவும் கூடாது. அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும்.

இதற்கிடையில் ஒரு நல்லது நடந்தது. அக்காவின் பேரன் பள்ளிக்கூடத்துக்கென்று வாங்கி வைத்திருந்த அக்ரிலிக் வண்ணக் குழாய்கள் மேசையில் கிடந்தன. உலர்ந்த பாலிஷின் மேல் அந்த வெள்ளையில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன். அடித்தரை அசையவில்லை. அக்ரிலிக் நீரில் கலந்த வண்ணம். பாலிஷைக் கரைக்கும் சக்தி அதற்குக் கிடையாது. உலர்வதற்கு முன்னால் ஈரப் பஞ்சுக்குச்சியால் துடைத்தால் கோடு மட்டும் போகிறது, அடியில் ஒன்றும் ஆவதில்லை. உலர்ந்த பிறகு அதுவும் நீருக்குக் கரையாத ஏடாகிவிடுகிறது; மேல்பூச்சைப் பூசினாலும் பாலிஷ் பூ இழுபடுவதுபோல இழுபடுவதில்லை. இரண்டு வாரம் நான் சண்டை போட்டது வரைபொருளோடு. கையின் மேல் பழி போட்டது அநியாயம். ஒரு எச்சரிக்கை: இந்த வண்ணங்கள் உடம்பில் பூசுவதற்கென்று செய்தவை அல்ல. வெறும் நகத்திலோ தோலிலோ வைக்க மாட்டேன். எப்போதும் அடிப்பூச்சின் மேல், மேல்பூச்சுக்குக் கீழ்.

சிக்கல் ஒன்று மிச்சம். பளபளக்கும் பாலிஷின் மேல் நீர் வண்ணம் ஒட்டாமல், சேப்பங்கிழங்கு இலையில் விழுந்த தண்ணீர் மாதிரி உருண்டது. நீரை அதிகம் கலந்ததுதான் காரணம். குழாயிலிருந்து வரும் வண்ணம் தோசை மாவு என்றால், நமக்கு வேண்டியது ஆப்ப மாவு. அதற்கு ஒரு மிளகளவு வண்ணத்துக்கு ஊசி முனையில் தொங்கும் நீர் போதும். மாத்திரை தீர்ந்த அட்டையின் குழிகளில் கலந்துகொண்டேன். குழிக்கு ஒரு பதம், காய்ந்தால் அடுத்த குழி. எந்தக் கடையிலும் இதைவிட நல்ல வண்ணத்தட்டு கிடைக்காது.

ரோஜாவை விட்டதற்குக் காரணம் எங்கள் கிணற்றடிப் பவழமல்லி மரம். மழைக்காலத்தில் அது இரவில் பூத்து விடியலில் கொட்டிவிடும். வாசல் தெளிக்கப் போகும்போது வெள்ளைப் பாயை விரித்ததுபோல் கிடக்கும். அன்று ஒரு கை அள்ளி வந்து கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். நாற்பத்தேழு வருடமாகப் பார்த்துவந்த பூவை அன்றுதான் எண்ணினேன். ஒரு பூவுக்கு ஆறு இதழ், இன்னொன்றுக்கு ஏழு, ஒன்றுக்கு ஐந்து. ஒவ்வொரு இதழின் நுனியும் நடுவில் வெட்டியதுபோல் பிளந்திருக்கிறது. எல்லா இதழும் ஒரே பக்கமாகத் திரும்பியிருக்கின்றன, காற்றாடி போல. நடுவில் அந்தப் பவழ நிறப் புள்ளி. அதுதான் குழலாகக் கீழே நீண்டு காம்பாகிறது. அந்தக் காம்பை வேகவைத்து ஒரு காலத்தில் துணிக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். ரோஜாவில் ஓர் இதழை இன்னொன்று மறைக்கும். நிழல், சுழிப்பு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். பவழமல்லி எதையும் மறைப்பதில்லை. ஆறு கோடு, நடுவில் ஒரு புள்ளி. ஐந்து மில்லிமீட்டர் இடத்தில் அடையாளம் தெரியும் பூ வேறு எது?

ஆனால் எந்த நிறத்தின் மேல்? மெரூன் பூசினேன், பூ நன்றாக எழுந்தது. அதன் நடுவில் வைத்த ஆரஞ்சுப் புள்ளி வெள்ளையோடு கலந்து, ஒவ்வொரு முறையும் முட்டையை உடைத்து ஊற்றியதுபோல் ஆனது. வெள்ளை முழுக்கக் காயும் வரை காத்திருந்து வைத்தால் புள்ளி மேடாக நின்றது, கொப்புளம்.

இதற்கான விடையை அம்மா கொண்டுவந்தார். எண்பதை நெருங்கும் அம்மாவுக்கு நெயில் பாலிஷ் எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் அதன் பெயர் கியூடெக்ஸ். "நிச்சயதார்த்தப் பெண்ணுக்கு மருதாணி வைக்காமல் கியூடெக்ஸ் வைப்பீர்களா?" என்று கொல்லைப்புறத்து இலையைப் பறித்து, கொட்டைப்பாக்கும் துளி புளியும் சேர்த்து அம்மியில் அரைத்து, ஒத்திகை என்று சொல்லி என் பத்து விரலுக்கும் தொப்பி போட்டுவிட்டார். இரவு முழுக்க விரலை விரித்துக்கொண்டு படுத்திருந்தேன். காலையில் உதிர்த்தபோது ஆரஞ்சு. மறுநாள் மாலைக்குள் இருண்டு, பழுத்த செம்மண் சிவப்பு. அதுவரை நான் மருதாணியையும் நகப்பூச்சையும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் என்றே நினைத்திருந்தேன். மருதாணிக்குத் தடவும் எண்ணெயில் பாலிஷ் ஒட்டாது. பாலிஷைப் பூசிவிட்டு மருதாணி வைத்தால் வெள்ளைப் பூ மஞ்சளித்துவிடும்.

சிவந்த நகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது, இதன் மேல் நிறமில்லாத அடிப்பூச்சை மட்டும் பூசிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. பூசினேன். நகம் கண்ணாடிக்கு அடியில் வைத்த பவழம் போல ஆனது. வெள்ளையை எடுத்து ஆறு இதழ் இழுத்தேன். கை கொஞ்சம் நடுங்கியதால் இதழ்கள் நடுவில் ஒன்றுசேரவில்லை. கடுகளவு இடைவெளி நின்றுவிட்டது. துடைக்கலாம் என்று பஞ்சுக்குச்சியை எடுத்தவள் அப்படியே நிறுத்தினேன். இடைவெளியில் மருதாணி தெரிந்தது. அதுதான் பூவின் நடு. ஆரஞ்சு வண்ணமே தேவையில்லை! வைக்க வேண்டியது வெள்ளை மட்டும். நடுவை வைக்காமல் விட வேண்டும்.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "காம்பு எங்கே?" என்றார்.

காம்பும் பிறகு வந்தது. பவழமல்லி விழும்போது பல பூக்கள் குப்புற விழும், காம்பு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். மூன்று பூவுக்கு ஒன்றைக் குப்புற வரைந்தேன்: இதழ்களை முதலில் நடு வரை நிரப்பி, அது காய்ந்ததும் ஊசியால் நடுவிலிருந்து சாய்வாக ஒரு மயிரிழை ஆரஞ்சு. இது ஒன்றுக்குத்தான் இரண்டாவது நிறம்.

மருதாணித் தரையின் இன்னொரு லாபம் அன்றைக்கே புரிந்தது. மருதாணியின் சாயம் நகத்தின் கெரட்டின் புரதத்தோடு பிணைந்துவிடுகிறது. ரிமூவரால் எல்லாவற்றையும் துடைத்தேன். பூ போனது, அடிப்பூச்சு போனது, சிவப்பு அப்படியே நின்றது. தப்பினால் இழப்பது ஒரு தெளிந்த பூச்சு மட்டும். நிறத்தை மறுபடி இரண்டு அடுக்குப் பூசிக் காத்திருக்க வேண்டியதில்லை. அந்தத் தைரியம் வந்ததும் கை நடுக்கம் பாதி குறைந்துவிட்டது. கோலத்தில் காலால் தேய்த்துவிட்டுப் போடும் சுதந்திரம் நகத்துக்கும் வந்துவிட்டது.

கடையில் விற்கும் மருதாணிக் கூம்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. பத்து நிமிடத்தில் கறுப்பாகச் சிவக்கும் என்று சொல்பவற்றில் சிலவற்றில் தலைமுடிச் சாயத்துக்கான பிபிடி என்ற வேதிப்பொருளைக் கலக்கிறார்கள். தோலில் கொப்புளமும் நீண்ட நாள் ஒவ்வாமையும் வரும். மருதாணி இலைக்குக் கறுக்கத் தெரியாது, அவசரப்படவும் தெரியாது.

செய்யும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நான் தேடியபோது யாரும் சொல்லாத விஷயங்கள் இதில்தான் இருக்கின்றன.

நிச்சயதார்த்தம் ஞாயிறு என்றால் மருதாணி வியாழன் இரவு. வெள்ளி முழுக்க நிறம் இருளட்டும். சனி மதியம் நகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, பிறகு ஒரு மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். இது முக்கியம். நகம் தண்ணீர் குடித்துக் கொஞ்சம் விரியும்; பூச்சுப் போட்ட பிறகு காய்ந்து சுருங்கும்போது மேலே உள்ள ஏடு விளிம்பில் விட்டுப்போகும். நான் ஒத்திகையில் பாத்திரம் தேய்த்த கையோடு உட்கார்ந்து பூசியவை எல்லாம் மறுநாளே உரிந்தன. அப்புறம் ரிமூவர் தொட்ட பஞ்சால் ஒவ்வொரு நகத்தையும், ஓரங்களையும் சேர்த்து, ஒருமுறை துடைக்க வேண்டும். மருதாணியை உதிர்த்ததும் அம்மா தேய்த்துவிட்ட தேங்காய் எண்ணெய் இரண்டு நாள் கழித்தும் ஓரத்தில் ஒளிந்திருக்கும்.

அடிப்பூச்சுப் பாட்டிலைக் குலுக்கக் கூடாது, காற்றுக் குமிழி உள்ளே போகும். இரு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து மத்தைப் போல உருட்டினால் போதும். மெல்லிய ஒரு பூச்சு. நகத்தின் நுனி விளிம்பிலும் ஓர் இழுப்பு. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். விசிறிக் காற்றில் மேல் தோல் முதலில் காய்ந்து உள்ளே கரைப்பான் சிக்கிக்கொள்ளும், குமிழி வரும். ஐஸ் தண்ணீரில் விரலை முக்கினால் சீக்கிரம் காயும் என்று சொல்வார்கள்; குளிரில் எதுவும் வேகமாக ஆவியாகாது, மேலே இறுகியதுபோல் ஏமாற்றும், அவ்வளவுதான். அடிப்பூச்சுக்கு இருபது நிமிடம் கொடுத்தேன்.

தூரிகை 000 எண், மிக மெல்லியது. எழுதுபொருள் கடையில் வாங்கியதில் மயிர் விரிந்திருந்தது. சோப்பில் நனைத்து விரலால் கூராக்கிக் காயவிட்ட பிறகுதான் ஒன்றுசேர்ந்தது. பல்குத்தும் குச்சியை விட்டுவிட்டேன், நீரில் ஊறி அதன் முனை விளக்குமாறாகிவிடுகிறது. அதற்குப் பதிலாக, தையல் ஊசியின் காதுப் பக்கத்தைப் பென்சிலின் பின்பக்க ரப்பரில் குத்திக்கொண்டேன். பிடி வாகாக இருக்கிறது.

இதழுக்குக் கடிகாரத்தை நினைத்துக்கொள்வேன். பன்னிரண்டு, இரண்டு, நான்கு, ஆறு, எட்டு, பத்து. ஒவ்வொரு மணிக்கும் தூரிகை நுனியால் ஒரு வெள்ளைப் பொட்டு, பூவின் வெளிவட்டத்தில். ஆறும் ஈரமாக இருக்கும்போதே ஊசியால் ஒவ்வொன்றையும் நடுவை நோக்கி இழுக்க வேண்டும், நேராக அல்ல, கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்து. அந்தச் சாய்வில்தான் காற்றாடித் திருப்பம் வருகிறது. எல்லாம் ஒரே பக்கம் சாய வேண்டும். ஒன்று மாறினாலும் பூ நொண்டும். நடுவுக்கு முன்பே நிறுத்த வேண்டும். கடைசியாக ஊசியைத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு பொட்டின் வெளிப்பக்கத்தையும் உள்நோக்கி ஒரு தொடுதல், நுனி பிளந்துவிடும். ஒரு பூவுக்கு ஒன்றரை நிமிடம். அதற்கு மேல் போனால் அக்ரிலிக் தோல் கட்டுகிறது.

தூரிகை பிடித்த கையின் சுண்டுவிரல் மேசையில் ஊன்றியிருக்க வேண்டும். நகரவேண்டியது வரையப்படும் விரல். இதழுக்கு இதழ் அவள் விரலை நான் திருப்பினேன், திருகாணியைத் திருப்புவதுபோல. எல்லா இதழையும் என் கைக்கு வாகான ஒரே திசையில் இழுக்க முடிந்தது. எதிரே உட்கார்ந்து வரைவதால் எல்லாம் தலைகீழாகத் தெரியும். நல்லவேளை, பவழமல்லிக்குத் தலையும் காலும் இல்லை. இலை வரைந்திருந்தால் தடுமாறியிருப்பேன். அதனால் இலையே வரையவில்லை.

எவ்வளவு பூ என்பதில் நானும் அவளும் மோதிக்கொண்டோம். அவளுக்கு நகம் நிறைய வேண்டும். நான் கட்டைவிரலுக்கு மூன்று, மோதிர விரலுக்கு இரண்டு, மற்றவற்றுக்கு ஒன்று, அதுவும் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டாற்போல என்றேன். மரத்தடியில் பூ அடுக்கி வைத்தா கிடக்கிறது? "சித்தி, நீங்கள் சோம்பேறித்தனத்துக்குக் காரணம் சொல்கிறீர்கள்" என்றாள். பாதி உண்மை.

மேல்பூச்சுக்கு முன் அரை மணி நேரம். தூரிகையில் ஒரு சொட்டு தாராளமாக எடுத்து, அந்தச் சொட்டு நகத்தில் மிதந்து போகும்படி இழுக்க வேண்டும். மயிர் பூவைத் தொடக் கூடாது. பத்து நிமிடம் கழித்து இன்னொரு மெல்லிய அடுக்கு. தொட்டால் ஒட்டாத நிலை சீக்கிரமே வந்துவிடும். ஆனால் உள்ளே மணிக்கணக்கில் மெத்தென்றே இருக்கும். ஒத்திகையில் ஒருநாள் இரவு ஒன்பது மணிக்கு முடித்துவிட்டுப் படுத்தேன், காலையில் நகம் முழுக்கப் போர்வையின் நெசவு அச்சாகியிருந்தது. அதனால் சனிக்கிழமை நான்கு மணிக்கே உட்கார்ந்தோம். ஏழரைக்கு முடிந்தது. அக்கா அவளுக்குச் சோற்றை உருட்டி ஊட்டினாள்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குத் தொலைபேசி. பட்டுப்புடவைக் கொசுவத்தைச் செருகும்போது ஊக்கு கீறி இடது கை மோதிர விரலில் கோடு விழுந்துவிட்டது. மோதிரம் போடப்போகும் விரல்! புகைப்படக்காரர் வேறு யாருடைய விரலை எடுப்பார்? மண்டபத்துக்குத் தூரிகை, ஊசி, மாத்திரை அட்டை, இரண்டு பாட்டில்களோடு ஓடினேன். அவசரத்தில் வெள்ளைக் குழாயை வீட்டிலேயே வைத்துவிட்டேன். அக்காவின் பேரன் பள்ளிப் பையோடு வந்திருந்தான், வேலைப்பாடு எதையோ முடிக்கவில்லை என்று. அவனுடைய பையில் வெள்ளை இருந்தது. அந்தப் பையனின் சோம்பலுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

ரிமூவரால் அந்த ஒரு நகத்தை முழுக்கத் துடைத்தேன். மெரூன் பாலிஷாக இருந்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்; இரண்டு அடுக்கு நிறம், அது காய, பிறகு பூ. மருதாணி கீழே காத்திருந்தது. அடிப்பூச்சு, பத்து நிமிடம், இரண்டு பூ, பத்து நிமிடம், ஒரே ஒரு மேல்பூச்சு. மாப்பிள்ளை வீட்டார் தட்டோடு உள்ளே வரும்போது அவள் விரலை நான் ஊதிக்கொண்டிருந்தேன். மாமியாராகப் போகிறவர், கைக்கு என்ன ஆயிற்று என்று பதறிக் கேட்டார். நகத்தைக் காட்டியதும் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். "எங்கள் வீட்டிலும் இந்த மரம் இருக்கிறது" என்றார். மற்ற ஒன்பது விரலைவிட அந்தப் பத்தாவது விரல்தான் நன்றாக அமைந்தது. ஏன் என்று தெரியும், யோசிக்க நேரமில்லை.

திங்கள் இரவு அவளே துடைத்துக்கொண்டாள், பஞ்சும் சாதாரண ரிமூவரும் போதுமாக இருந்தன. செவ்வாய் காலை வெறும் மருதாணி நகத்தோடு பணிக்குப் போனாள். கை நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளரும். என் நகத்திலும் இப்போது அடியில் பிறை போல ஒரு வெள்ளை விளிம்பு தெரிகிறது, மேலே சிவப்பு; முழுக்க வெளியேற இன்னும் சில மாதம் ஆகும்.

கல்யாணம் தை மாதம். இந்த முறை சங்குப்பூ வேண்டும் என்கிறாள். மருதாணிச் சிவப்பின் மேல் நீலம் நேராக எடுபடாது, சேறாகத் தெரிகிறது. முதலில் வெள்ளையில் இதழை வைத்து, அது காய்ந்த பிறகு அதன் மேல் நீலத்தை ஏற்ற வேண்டியிருக்கும், நடுவில் மறுபடியும் வெள்ளை மஞ்சள். என் கட்டைவிரலில் ஒன்று போட்டுப் பார்த்திருக்கிறேன். அம்மா பார்த்துவிட்டு, கதவிடுக்கில் நசுங்கிவிட்டதா என்று கேட்டார்.